எழுதி வைக்கும் அதிகாரிக்கு எழுதிப் பதில் சொல்லுங்கள்: உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

உள்ளாட்சி நிர்வாகப் பணிக்குத் திறமையான இளைஞர்கள் வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை என்று உங்களில் பலர் மேடையில் வருத்தப்படுகிறீர்கள். சம்பளம் குறைவு, மேல்மட்ட அரசுப் பணிகளுக்கு உள்ள மதிப்பு இதற்கு இல்லை, வேலை நேரத்துக்குக் கணக்கே கிடையாது என்று காரணங்களும் அடுக்குகிறீர்கள். அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பணிக்காலம் முழுவதையும் உள்ளாட்சி அலுவலகங்களிலேயே கழித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: இளையவர்கள் கிளம்பிப் போவதற்கு நான் கண்ட முதல் காரணம் வேறு. உங்கள் முடிவு ஒன்றைப் பற்றி "இதில் இன்ன ஆபத்து இருக்கிறது" என்று மூத்த அதிகாரி ஒருவர் கோப்பில் எழுதி வைக்கிறார். அதற்குப் பிறகு அவர் என்ன ஆகிறார் என்பதை அலுவலகத்தின் கடைசி மேசை வரை கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அதைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆணையர், செயல் அலுவலர், நகர மேலாளர், தலைமை நிர்வாகி என்று நாட்டுக்கு நாடு பதவியின் பெயர் மாறும். சில இடங்களில் மேலிருந்து அனுப்புகிறார்கள், சில இடங்களில் மன்றமே ஆள் தேடிக்கொள்கிறது. பொறுப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மக்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊருக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் முடிவெடுக்கிறீர்கள். அதைச் செய்து முடிக்க, வாக்குக் கேட்டு வராத ஒருவர் சம்பளத்துக்கு இருக்கிறார். முடிவெடுப்பதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்வதும் அவருடைய வேலைதான். இந்த இரண்டாவது வேலையைத்தான் நாம் எல்லோரும் சேர்ந்து சாகடித்துக்கொண்டிருக்கிறோம்.

இது ஒரு தனித் தொழிலாக உருவான கதை அப்படி ஒன்றும் பழையதல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஸ்டான்டன் என்ற சிறிய நகரத்தின் மன்றம் 1908-இல் சார்லஸ் ஆஷ்பர்னர் என்ற பொறியாளரைப் பொது மேலாளராக அமர்த்தியது. தெற்குக் கரோலைனாவின் சம்ட்டர் நகரம் 1912-இல் இந்த ஏற்பாட்டைத் தன் சாசனத்திலேயே எழுதிக்கொண்டது. ஆனாலும் நாடறியப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு வெள்ளம்தான். 1913 மார்ச்சில் ஒஹாயோவின் டேட்டன் நகரம் மூழ்கியது. அந்த அழிவுக்குப் பிறகு, அதே ஆண்டிலேயே, மக்கள் வாக்களித்துப் புதிய சாசனம் கொண்டுவந்தார்கள். 1914 ஜனவரியில் ஹென்றி வெய்ட் என்ற பொறியாளர் மேலாளராகப் பொறுப்பேற்றார். அந்த டிசம்பரில் அதே மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் எட்டு மேலாளர்கள் கூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் உறுப்பினர்களைக் கொண்டிருக்கும் சர்வதேச நகர மேலாண்மைச் சங்கம் அதுதான். 1924-இல் அது தனக்கென ஒரு நெறிமுறைக் கோவையையும் வகுத்துக்கொண்டது.

முதலில் வந்தவர்கள் பொறியாளர்கள் என்பதைக் கவனியுங்கள். உடைந்த குழாயைப் பேச்சால் அடைக்க முடியாது என்று தெரிந்தவர்கள்.

அந்த ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு. பெரும்பான்மை இருந்தால் மன்றம் மேலாளரை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். சரியான விதிதான். தேர்ந்தெடுக்கப்படாத ஒருவரை மக்கள் பிரதிநிதிகளால் அசைக்கவே முடியாது என்றால் அது குடியாட்சியே இல்லை. ஆனால் இந்தத் தொழிலின் பெரிய இடறலும் அதே விதிக்குள்தான் இருக்கிறது. உங்களால் வேலை போகக்கூடிய ஒருவர்தான் "நீங்கள் செய்வது தவறு" என்று உங்களிடமே சொல்லியாக வேண்டும். மேலிருந்து நியமிக்கும் நாடுகளில் நீக்கத்துக்குப் பதில் இடமாற்றம். விளைவில் பெரிய வித்தியாசம் இல்லை, பெட்டி கட்டும் செலவு மட்டும் கூடுதல்.

நம்மவர்கள் இந்தச் சிக்கலை அறியாதவர்கள் அல்லர். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு என்றதும் எல்லோரும் குடவோலையைப் பற்றியே பேசுவார்கள். நிலமும் வேதக் கல்வியும் உள்ள அந்தணர்களுக்கு மட்டுமே இடமிருந்த அந்தச் சபையைக் குடியாட்சியின் தொட்டில் என்று தூக்கிப் பிடிப்பதில் எனக்கு முழு உடன்பாடில்லை. என் கண்ணை நிறுத்தியவை வேறு வரிகள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் மறுபடி குடத்தில் பெயர் இடும் தகுதியை இழந்தார்கள். கணக்கெழுதுபவரைப் பற்றித் தனியாகவே விதி இருக்கிறது. தாம் எழுதிய கணக்கைச் சபைப் பெருமக்களிடம் காட்டி, நேர்மையானவர் என்று தெளிந்த பிறகே அவர் மீண்டும் அந்த வேலைக்கு வரலாம். ஒருவர் எழுதிய கணக்கை அவரேதான் காட்ட வேண்டும். அதை முடித்துவைக்க வேறொரு கணக்கரை அமர்த்தக்கூடாது. எழுதியவரே முன்னால் வந்து நிற்க வேண்டும், சபை அதைப் பார்த்துத் தன் தீர்ப்பைச் சொல்ல வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டி வைத்தார்கள். நாமோ எழுதியவர் யார் என்றே தெரியாதபடி கோப்பை நடத்துவதில் தேர்ச்சி பெற்றிருக்கிறோம்.

அந்தத் தேர்ச்சி எப்படிக் கைவருகிறது என்று கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. சமுதாயக் கூடம் ஒன்று கட்ட வேண்டும் என்று கூட்டப் பொருள் தயாரானது. பொறியியல் பிரிவு மதிப்பீடு கொடுத்தது. நிர்வாக அதிகாரி அலுவலகக் குறிப்பு எழுதினார். முதல் பத்தியில் கோரிக்கை, இரண்டாவதில் தொகை. மூன்றாவதில் இப்படி இருந்தது: தேர்வு செய்யப்பட்டுள்ள இடம் மழைநீர் தேங்கும் தாழ்வான பகுதி, கட்டுமானத்துக்கு முன்பாக வடிகால் அமைத்தாக வேண்டும், மதிப்பீட்டில் வடிகாலுக்குத் தொகை ஒதுக்கப்படவில்லை. அவ்வளவுதான். திட்டம் வேண்டாம் என்று அவர் எழுதவில்லை. கடிந்துகொள்ளும் ஒரு சொல்கூட அதில் இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாலை தலைவரின் அறையிலிருந்து அழைப்பு வந்தது. "மூன்றாவது பத்தி எதற்கு? எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும்." அதிகாரி திரும்பி வந்து தட்டச்சரை அழைத்தார். மூன்றாவது பத்தி போயிற்று. அந்த இடத்தில் "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்ற வரி ஏறி உட்கார்ந்தது. எந்த ஊர்க் குறிப்பிலும் எந்தப் பொருளுக்குக் கீழும் பொருந்துகிற வரி அது. அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்த ஓர் இளம் உதவியாளர் இரண்டு பிரதிகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி நிலையத்தில் மாதக்கணக்கில் கற்றதைவிட அந்த மாலையில் அவர் அதிகம் கற்றுக்கொண்டிருப்பார்.

கூடம் எழுந்தது. மழை பெய்தது. தண்ணீர் கூடத்துக்குள் வந்தது. அதற்குள் மன்றத்தின் பதவிக்காலம் முடிந்து வேறு உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். தணிக்கைத் தடை, அதாவது தணிக்கையாளரின் ஆட்சேபக் கேள்வி, மட்டும் முகவரி தவறாமல் அலுவலகத்துக்கே வந்து சேர்ந்தது: இடத்தின் தன்மையை ஆராயாமல் மதிப்பீடு தயாரித்தது ஏன்? ஆராய்ந்திருந்தார்கள். ஆராய்ந்தது எழுதப்பட்டும் இருந்தது. எழுதிய தாள்தான் கோப்பில் இல்லை.

இதில் தலைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அழைத்தவுடன் பத்தியை எடுத்துவிட்ட அதிகாரியின் பங்கு சிறியதல்ல. ஆனால் அவரும் எங்கோ, வேறொரு அலுவலகத்தில், வேறொரு மூன்றாவது பத்திக்காகப் பாடம் படித்தவராகத்தான் இருந்திருப்பார். இப்படித்தான் இந்தத் தொழில் தன் பிள்ளைகளை வளர்க்கிறது.

இனி எல்லோரும் அறிந்த, பெரிய உதாரணம் ஒன்று. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃப்ளின்ட் என்று ஒரு நகரம், அப்போது மக்கள்தொகை ஏறக்குறைய ஒரு லட்சம். நிதி நெருக்கடி என்று சொல்லி மாநில அரசு அங்கே ஓர் அவசரகால மேலாளரை அமர்த்தியிருந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் பெயருக்குத்தான் இருந்தது. செலவைக் குறைப்பதற்காக, அதுவரை டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய குடிநீரை நிறுத்திவிட்டு, 2014 ஏப்ரலில் ஃப்ளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். அதைச் சுத்திகரிக்க வேண்டிய நிலையம் பல ஆண்டுகளாக அவசரத் தேவைக்கென்று மட்டும் வைத்திருந்த நிலையம். மாற்றத்துக்குச் சில நாள் முன்பு அந்த நிலையத்தின் ஆய்வகப் பொறுப்பாளர் மாநிலச் சுற்றுச்சூழல் துறைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். வரும் வாரங்களில் இங்கிருந்து தண்ணீர் அனுப்பப்பட்டால் அது என் அறிவுறுத்தலுக்கு மாறாகவே நடக்கும், ஆட்களைப் பயிற்றுவிக்கவும் கண்காணிப்பை ஒழுங்குபடுத்தவும் எனக்குக் காலம் வேண்டும் என்பது அதன் சாரம்.

மின்னஞ்சல் போயிற்று. தண்ணீரும் திறக்கப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் அந்த நீரில் சேர்க்கப்படவில்லை. பழைய குழாய்களின் ஈயம் கரைந்து வீடுகளுக்குள் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், இந்தத் தண்ணீர் எங்கள் இயந்திர பாகங்களை அரிக்கிறது என்று சொல்லித் தன் எஞ்சின் ஆலைக்கு வேறு நீரை ஏற்பாடு செய்துகொண்டது. இரும்புக்கு ஆகாத நீரைக் குழந்தைகள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். 2015 அக்டோபரில்தான் நகரம் மறுபடி டெட்ராய்ட் நீருக்குத் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் பரவிய லீஜனேர் என்ற நுரையீரல் தொற்றுநோயில் இறந்தவர்கள் குறைந்தது 12 பேர்.

ஃப்ளின்ட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தாசையையும் அலட்சியத்தையும் இன ஏற்றத்தாழ்வையும் பேசுகிறார்கள். பேச வேண்டியவைதாம். நிர்வாகத்தில் இருந்தவனுக்கு அந்த மின்னஞ்சல்தான் உறுத்துகிறது. ஒருவர் எழுதியிருக்கிறார். சரியான நேரத்தில், சரியான விஷயத்தை, பொறுப்பான துறைக்கு எழுதியிருக்கிறார். ஆனால் அதைப் படித்தவர்கள் பதில் எழுதியே தீர வேண்டும், பதில் வராமல் தண்ணீர் திறக்கக் கூடாது என்று எந்தப் பூட்டும் இல்லை. மறுப்பு எழுதுவதற்கு உரிமை இருப்பது பாதி. அதற்குப் பதில் எழுதும் கடமை யாருக்காவது இருந்தால்தான் மீதிப் பாதி நிறைவேறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஃப்ளின்ட்டில் முடிவெடுத்தவர் நியமிக்கப்பட்டவர்; தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு அவரைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. மன்றங்களை ஓரங்கட்டிவிட்டு நிபுணர்களிடம் ஊரை ஒப்படைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவர்களுக்கு நான் காட்டும் ஊர் இது. உங்களைக் குறைத்துவிட்டு அதிகாரியை உயர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை.

அதிகாரிகள் புனிதர்களும் அல்லர். கலிஃபோர்னியாவில் பெல் என்ற சிறிய நகரம், வருமானம் குறைந்த உழைக்கும் மக்கள் வாழும் இடம். அதன் மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோ ஆண்டுக்கு ஏறத்தாழ 7,87,000 டாலர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார் என்பது 2010-இல் பத்திரிகைச் செய்தியாக வெளிவந்தது. அமெரிக்க அதிபரின் சம்பளம் 4,00,000 டாலர். இவ்வளவு நாள் மன்றம் எங்கே போயிருந்தது என்று கேட்டால், உறுப்பினர்களில் பெரும்பாலோர் பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டிய தொகை பெற்றுக்கொண்டிருந்தார்கள். ரிஸ்ஸோவுக்கு 2014-இல் 12 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உறுப்பினர்களில் பலரும் தண்டிக்கப்பட்டார்கள். அதற்கும் முன்னால் மிசூரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டி இருக்கிறது. 1926-இல் அங்கே மேலாளராக வந்த ஹென்றி மெக்எல்ராய், டாம் பெண்டர்காஸ்ட் என்ற அரசியல் முதலாளியின் ஆள். தன் கணக்கு முறைக்கு "நாட்டுப்புறக் கணக்கு" என்று பெருமையாகப் பெயர் வேறு வைத்திருந்தார். 1939-இல் அவர் விலகிய பிறகு அந்தக் கணக்கின் ஓட்டைகள் வெளியே வந்தன. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற எல். பி. குக்கிங்ஹாம் 1959 வரை அங்கேயே இருந்து அந்த நிர்வாகத்தைச் சீர்படுத்தினார். பதவி அதே பதவி, நாற்காலியும் அதே நாற்காலி. 1924-இல் எழுதிய நெறிமுறைக் கோவை மெக்எல்ராய் காலத்திலும் இருந்தது, ரிஸ்ஸோ காலத்திலும் இருந்தது.

ஆகவே "கூடாது" என்று எழுதும் உரிமை இரு பக்கமும் வேண்டும். அதிகாரி உங்களுக்கு எழுத வேண்டும். அவருடைய ஊதியம், அவருடைய ஒப்பந்தப்புள்ளிகள், அவர் எடுத்த முன்பணங்கள் ஆகியவற்றைப் பற்றி நீங்களும் அவருக்கு எழுத வேண்டும். பெல் நகரத்தில் இரு தரப்பும் ஒருவரையொருவர் எதுவும் கேட்டுக்கொள்ளாமல் நல்லிணக்கமாகவே வாழ்ந்தார்கள். மன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் இடையே எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை என்று ஆண்டறிக்கையில் யாராவது பெருமையாக எழுதினால் எனக்கு முதலில் தணிக்கையாளரின் நினைவுதான் வரும்.

அடுத்து, உங்களில் பலருக்குப் பிடிக்காத ஒரு விஷயம்: நிர்வாகத் தலைவரைத் தாண்டிக் கீழே இருப்பவர்களுக்கு நேராக உத்தரவு போடுவது. தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, தண்ணீர் வரவில்லை என்று மக்கள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்கிறார்கள், அலுவலகத்துக்குப் போவதில்லை. உங்கள் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இதில் இழப்பது என்ன என்று பாருங்கள்.

நள்ளிரவில் பெரிய குழாய் ஒன்று உடைகிறது என்று வைத்துக்கொள்வோம். வரைபடத்தில் வால்வு தெரு முனையில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அங்கே தார்ச்சாலைதான் இருக்கிறது. சாலை போட்டவர்கள் வால்வுக் குழியின் மூடிக்கு மேலேயே அடுக்கடுக்காகத் தார் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். பொறியாளர் கையில் வரைபடத்துடன் நிற்பார். அப்போது சைக்கிளில் ஒருவர் வருவார். அவர்தான் வால்வு திறப்பவர். ஓர் இரும்புக் கம்பியை எடுத்துத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். நாலடி தள்ளி மறுபடி ஊன்றுவார். பிறகு காலால் ஓர் இடத்தைத் தட்டிக் காட்டி, "இங்கே வெட்டுங்கள், மூடி இருக்கும். இதை மட்டும் அடைத்தால் நிற்காது, பின்தெருவில் இன்னொன்று இருக்கிறது, அதை முதலில் பாதி திருக வேண்டும், இல்லையென்றால் அழுத்தம் ஏறி அங்கே வெடிக்கும்" என்பார். நகரத்தின் உண்மையான வரைபடம் அந்த மனிதர். அவர் ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். வரைபடமும் மாலையோடு வீட்டுக்குப் போய்விடுகிறது.

நல்ல மேலாளர் பொறுப்பேற்ற முதல் மாதத்திலேயே இப்படிப்பட்டவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிக்கிறார். அவர்களோடு தெருத்தெருவாக நடந்து, ஓர் இளநிலைப் பொறியாளரைக் கூட வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்து வாங்குகிறார். இந்தப் பணியில் சேர விரும்பும் இளைஞருக்கு எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராத பாடம் அது. கொள்கை ஆய்வு, நிதிப் பகுப்பாய்வு எல்லாம் தேவைதான். ஆனால் வால்வு திறப்பவரிடம் கைகட்டி நின்று கேட்கத் தெரியாதவர் நகரத்தை நடத்த முடியாது.

இப்போது அதே மனிதருக்கு நீங்கள் தொலைபேசியில் சொல்கிறீர்கள்: "எங்கள் தெருவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக விடு." மேட்டுப் பகுதியின் கடைசி வீடுகளுக்கு அன்றைக்குச் சொட்டுக்கூட ஏறாது என்று அவருக்குத் தெரியும். அவரால் அதை உங்களிடம் சொல்ல முடியுமா? சொல்லும் நிலையில் அவர் இல்லை. எழுதுவதற்கு அவரிடம் கோப்பும் இல்லை. "கூடாது" என்று எழுதக்கூடிய ஒரே நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், எழுதவே முடியாத ஒருவரிடம் உத்தரவு போடுகிறீர்கள். மேட்டுத் தெருக்காரர்கள் மறுநாள் வந்து நிற்பது உங்கள் வாசலில் அல்ல, அவர் வாசலில்.

பராமரிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதிகாரிகள் உங்களிடம் சொல்லத் தயங்கும் மறுப்புகளிலேயே கடினமானது "புதிதாக எதுவும் வேண்டாம், இருப்பதைப் பழுதுபார்ப்போம்" என்பதுதான். பழுதுபார்த்த பம்புக்குத் திறப்பு விழா கிடையாது. கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. மண்ணுக்கடியில் மாற்றிய குழாயை யாரும் புகைப்படம் எடுப்பதில்லை. வரவு செலவுத் திட்டத்தில் தொகை குறையும்போதெல்லாம் முதலில் கத்திரி படுவது பராமரிப்புத் தலைப்பில்தான். இந்த ஆண்டு வெட்டினால் இந்த ஆண்டு ஒன்றும் ஆகாது என்பதுதான் அதன் ஆபத்தே. மூன்று நான்கு ஆண்டு கழித்துக் குழாய் வெடிக்கும்போது, வெட்டியவரும் இருக்க மாட்டார், வெட்டாதே என்று எழுதியவரும் இருக்க மாட்டார். எழுதிய குறிப்பாவது இருக்க வேண்டாமா?

எனவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. சட்டத் திருத்தம் தேவையில்லை, புதிய பதவியும் தேவையில்லை. மன்றத்தின் முன் வைக்கும் எந்தப் பொருளிலும் நிர்வாக அதிகாரி தம் கருத்தைத் தம் பெயரில் எழுதட்டும். ஆபத்து இருந்தால் ஆபத்து, இல்லை என்றால் இல்லை. கூட்டத்துக்கு முன் யாரும் அதில் கை வைக்கக்கூடாது. அவர் சொன்னதை ஏற்காமல் வேறு முடிவெடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது. மக்களிடம் வாக்கு வாங்கி வந்தவர்கள் நீங்கள். பல நேரங்களில் அதிகாரியைவிட ஊரை நன்றாக அறிந்தவர்களும் நீங்கள்தான். அதிகாரி அளவுக்கு மீறி அஞ்சுகிறவராகவும் இருக்கலாம். எதற்கெடுத்தாலும் விதி எண் காட்டி வேலையை நிறுத்திவைக்கும் ஆட்களை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர் கருத்தை ஏன் ஏற்கவில்லை என்பதை இரண்டு வரியாவது தீர்மானத்தோடு எழுதுங்கள். இரண்டும் நடவடிக்கைக் குறிப்பேட்டில் சேர்ந்தே இருக்கட்டும். பொதுமக்கள் கேட்டால் சேர்த்தே கொடுங்கள்.

பதில் எழுதியாயிற்று என்றால், அதற்குப் பிறகு அந்த முடிவை முழு மனதோடு நிறைவேற்றுவது அதிகாரியின் கடமை. இழுத்தடிப்பது, கோப்பைக் காணாமல் போக்குவது, பத்திரிகைக்காரர் காதில் போட்டுவிட்டு நமட்டுச் சிரிப்புச் சிரிப்பது ஆகியவற்றை அவர் செய்தால், பணிப்பதிவேட்டில் தாராளமாகக் குறித்து வையுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன். சட்டத்துக்கே முரணான முடிவு என்றால் கதை வேறு. அங்கே அவர் நிறைவேற்றாமல் நிற்பதுதான் கடமை, அதையும் எழுதிவிட்டே நிற்க வேண்டும்.

இதனால் உங்களுக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் இருப்பீர்கள். எழுதி வைத்த மறுப்பு உங்களைக் காட்டிக்கொடுக்கும் என்றுதான் பயம். பெரும்பாலும் அது உங்களைக் காப்பாற்றுகிறது. சமுதாயக் கூடத்தில் அந்த மூன்றாவது பத்தி இருந்திருந்தால், யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து "வடிகாலையும் சேர்த்தே போடுங்கள்" என்று சொல்லியிருப்பார். கூட்டம் அரை மணி நேரம் நீண்டிருக்கும். எதிர்த்தரப்பு நாலு வார்த்தை பேசியிருக்கும். கூடமும் எழுந்திருக்கும், காய்ந்த தரையோடு.

இளைஞர்கள் பக்கம் வருகிறேன். இந்தத் தொழிலுக்கு வா என்று சொல்ல என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. வேறு எந்த அரசுப் பணியிலும் கையெழுத்துக்கும் அதன் விளைவுக்கும் இடையே இவ்வளவு குறைந்த தூரம் கிடையாது. காலையில் போட்ட உத்தரவு மாலையில் தெருவில் தெரியும். குடிநீர், சுடுகாடு, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடக் கூரை, நாய்க்கடி மருந்து என்று மனித வாழ்க்கையின் எல்லாப் பக்கங்களும் ஒரே மேசைக்கு வரும். ஒரே நாளில் பொறியாளரோடும் மருத்துவரோடும் தூய்மைப் பணியாளர் சங்கத்தோடும் பேசும் வேலை வேறு எங்கே இருக்கிறது? இவையெல்லாம் சொல்லி நான் அனுப்பிவைத்தவர்கள் உண்டு. அவர்களில் கெட்டிக்காரர்கள் சிலர் திரும்பி வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நான் எழுதினால் படிப்பார்களா, ஐயா?" சம்பளத்தைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அது எவ்வளவு என்று தெரிந்துதான் வந்தார்கள்.

அவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த கூட்டத்துக்கான பொருள் பட்டியல் அச்சாவதற்கு முன் உங்கள் நிர்வாக அதிகாரியை அழையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் கீழே இரண்டு கட்டங்கள் போடச் சொல்லுங்கள். ஒன்றில் "அலுவலர் கருத்து", மற்றொன்றில் "மன்றத்தின் பதில்". முதல் கூட்டத்தில் முதல் கட்டம் பெரும்பாலும் வெறுமையாகவே வரும். உங்களை இன்னும் அவர் நம்பவில்லை என்று அதற்குப் பொருள். கோபப்படாதீர்கள். அந்தப் பட்டியலிலேயே பெரிய தொகை எதற்கு என்று பார்த்து, அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கூட்டத்தில் வாய்விட்டுக் கேளுங்கள்; சொல்வதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த மாதப் பட்டியல் வரும்போது அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உள்ளாட்சி அலுவலர் ஒருவர்